பழைய விமானத்துக்குப் புதிய காக்பிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் பராமரிப்பு படிக்கும் மாணவர்களும், பயிற்சிப் பள்ளியில் பறக்கக் கற்பவர்களும், விமானம் என்றாலே நிமிர்ந்து உட்காரும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் பாதியில் உதாரணத்துக்கு செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1956-இல் விற்பனைக்கு வந்து, 44,000-க்கும் மேல் கட்டப்பட்ட விமானம் அது. உலகெங்கும் எத்தனையோ விமானிகள் முதன்முதலில் ஏறி அமர்ந்தது அதில்தான். பெரிய விமானங்களும் போர் விமானங்களும் பின்னால் வருகின்றன.

ஏவியானிக்ஸ் என்கிறீர்களே, அதில் எதெல்லாம் அடங்கும்?

வானொலி, டிரான்ஸ்பாண்டர் (தரை ரேடார் கேட்டால் விமானத்தின் அடையாளத்தைப் பதிலாக அனுப்பும் கருவி), ஜி.பி.எஸ்., ஆட்டோபைலட், வானிலை ரேடார், விமானிக்கு எதிரே இருக்கும் திரைகள், இவற்றை இணைக்கும் ஒயர்கள் என விமானத்தின் மின்னணுக் கருவிகள் அனைத்தும் அடங்கும். ஒயரை நான் வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறேன். பலர் அதை மறந்துவிட்டுத் திரையின் அளவைப் பற்றியே பேசுகிறார்கள்.

பழைய செஸ்னாவில் விமானிக்கு எதிரே ஆறு வட்ட முகப்புகள் இருக்கும். வேகம், உயரம், ஏறி இறங்கும் வீதம் ஆகிய மூன்றும் காற்றழுத்தத்தால் இயங்குபவை. செயற்கை அடிவானம் (விமானத்தின் சாய்வைக் காட்டுவது), திசைகாட்டி, திருப்பம்காட்டி ஆகிய மூன்றும் ஜைரோ கருவிகள், அதாவது வேகமாகச் சுழலும் சக்கரத்தால் இயங்குபவை. இன்றைய காக்பிட்டில் இந்த ஆறும் ஒரே திரைக்குள் வந்துவிடுகின்றன.

முள் கருவிகள் ஐம்பது ஆண்டுகளாக நன்றாகத்தானே வேலை செய்கின்றன? எதற்கு மாற்ற வேண்டும்?

நல்ல கேள்வி. காற்றழுத்தக் கருவிகளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. தொல்லை ஜைரோவில்தான். செயற்கை அடிவானத்தையும் திசைகாட்டியையும் சுழலவைப்பது, இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஒரு சிறிய வேக்குவம் பம்ப். அதற்குள் இருக்கும் கார்பன் தகடுகள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். ஆனால் ஜைரோ அந்தக் கணமே நின்றுவிடாது. வேகமாகச் சுழன்றுகொண்டிருந்த சக்கரம் மெல்ல மெல்லத் தளர்கிறது. அதோடு முகப்பில் இருக்கும் அடிவானக் கோடும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாய்கிறது. மேகத்துக்குள் இருக்கும் விமானிக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. சாய்ந்த கோட்டை நேராக்கவே கை போகும். நேராகப் போய்க்கொண்டிருந்த விமானத்தை அவரே அப்போது சாய்க்கிறார். பல பழைய கருவிகளில் இதை எச்சரிக்க ஒரு சிறு கொடிகூட எழாது.

புதிய கருவிகளில் சுழலும் சக்கரமே இல்லை. சிறிய சில்லுகளுக்குள் இருக்கும் உணரிகள் அசைவை அளக்கின்றன. தம் கணக்கின் மீது தமக்கே சந்தேகம் வந்தால், திரையில் அந்தப் பகுதியின் குறுக்கே சிவப்பு எக்ஸ் குறியைப் போட்டுவிடும். மாற்றத்துக்கு ஒரே ஒரு காரணம் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். உடைந்த கருவி தான் உடைந்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். அழகும் வண்ணமும் அதற்குப் பிறகுதான்.

சட்டப்படி மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

சிலவற்றுக்கு உண்மை. அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல், பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்பகுதிகளில் பறக்க ஏ.டி.எஸ்.-பி. கருவி கட்டாயம். விமானம் தன் இடத்தையும் உயரத்தையும் ஜி.பி.எஸ். மூலம் அறிந்து, தானே விடாமல் ஒலிபரப்பும் ஏற்பாடு இது. அந்தத் தேதி நெருங்கியபோது 1960-களில் கட்டப்பட்ட விமானங்கள்கூடப் பட்டறை வாசலில் வரிசையில் நின்றன. உயரே, 29,000 முதல் 41,000 அடி வரை, விமானங்களுக்கு இடையிலான உயர இடைவெளி 2,000 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைக்கப்பட்டபோதும் இதேதான் நடந்தது. துல்லியமான ஆல்டிமீட்டர் (உயரம் காட்டும் கருவி) இல்லாத பழைய விமானங்கள் கருவியை மாற்ற வேண்டும், அல்லது கீழேயே பறக்க வேண்டும். இந்திய வான்வெளிக்கு இந்த ஏற்பாடு 2003 நவம்பரில் வந்தது.

முள் கருவிகளைத் திரையாக மாற்றச் சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. அது உரிமையாளரின் விருப்பம்.

சர்க்கி தாத்ரி விபத்துக்குப் பிறகுதான் இந்தியாவில் டி.சி.ஏ.எஸ். வந்ததாமே? கருவி இருந்திருந்தால் அந்த விபத்து நடந்திருக்காதா?

1996 நவம்பர் 12 மாலை, டெல்லிக்கு மேற்கே, ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, சவூதி விமான நிறுவனத்தின் போயிங் 747-உம் கஜகஸ்தானின் இல்யூஷின் 76-உம் நடுவானில் மோதின. 349 பேர் இறந்தனர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. டெல்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த சவூதி விமானத்துக்கு 14,000 அடி அனுமதி. டெல்லிக்கு இறங்கிவந்த கஜக் விமானத்துக்கு 15,000 அடி. இறங்கிய விமானம் தன் உயரத்தில் நிற்காமல் மேலும் கீழே போனது. தரையில் இருந்த ரேடாருக்கு விமானங்களின் உயரத்தைக் காட்டும் வசதி இல்லை. மோதல் தவிர்ப்புக் கருவியான டி.சி.ஏ.எஸ். இரண்டு விமானங்களிலும் இல்லை. எதிரே வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரோடு தானே பேசி, ஒரு விமானியை ஏறச் சொல்லியும் மற்றவரை இறங்கச் சொல்லியும் குரல் கொடுக்கும் கருவி அது. இருந்திருந்தால் தப்பித்திருக்க மிக நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். விபத்துக்குப் பிறகு இந்தியா அதைக் கட்டாயமாக்கியது.

விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தியையும் ஒவ்வொரு மாணவருக்கும் சொல்கிறேன். இல்யூஷினில் தரைக் கட்டுப்பாட்டோடு பேசியது விமானி அல்லர், தனியாக ஒரு வானொலி இயக்குநர். அவர் இருக்கைக்கு எதிரே ஆல்டிமீட்டர் கிடையாது. எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைக் காதால் கேட்டவர் அவர். எந்த உயரத்தில் இருக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்க்க, விமானிகளின் முகப்புகளை எட்டிப் பார்க்க வேண்டும். காக்பிட் வேலையில் எந்தக் கருவியை வாங்குவது என்று யோசிக்கும் அதே அளவுக்கு, எந்தத் தகவல் யார் கண்ணில் படுகிறது என்றும் யோசித்தாக வேண்டும்.

ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதற்கு ஏன் வாரக்கணக்கில் விமானத்தை ஹேங்கரில் வைத்துக்கொள்கிறீர்கள்?

முகப்புப் பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். நாற்பது ஆண்டு விமானம் என்றால் குறைந்தது மூன்று தலைமுறை ஒயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எப்போதோ கழற்றி எறியப்பட்ட ஏ.டி.எஃப். எனப்படும் பழைய திசைகாட்டும் வானொலியின் ஒயரை நுனியில் வெட்டி, டேப் சுற்றி, அப்படியே விட்டுப்போயிருப்பார்கள். எது உயிருள்ளது, எது செத்தது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். காப்புறை வெடித்திருக்கும். எர்த் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கும். விமானத்தின் ஆவணத்தில் இருக்கும் வரைபடத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் பல இடங்களில் பொருந்தாது. புதிய திரையைப் பழைய ஒயரில் மாட்டி அனுப்பும் பட்டறைகளும் இருக்கின்றன. அங்கே விமானத்தை விடாதீர்கள்.

அதன்பிறகு மின்சுமைக் கணக்கு: மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் நின்றுபோனால் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும்? வேகத்தையும் உயரத்தையும் அளக்கக் காற்றழுத்தத்தைக் கொண்டுவரும் பிடோ-ஸ்டாட்டிக் குழாய்களில் கசிவுச் சோதனை. கட்டுப்பாட்டுக் கம்பை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, புதிய ஒயர்க் கட்டு எங்கும் உரசவில்லை என்று பார்ப்பது. காந்தத் திசைகாட்டியைத் திரும்பச் சரிசெய்வது. பழைய பெட்டிகளும் பம்பும் போனதால் எடையும் எடை மையமும் மாறியிருக்கும், அதை மறுபடி கணக்கிட்டு எழுதுவது. பெட்டியை மாட்டும் வேலை இதில் ஒரு நாள்கூட இல்லை.

அதே கருவி, பெட்டியில் “சோதனை விமானங்களுக்கு மட்டும்” என்று போட்டு மலிவாக விற்கிறார்கள். அதை வாங்கிப் பொருத்தக்கூடாதா?

உங்கள் விமானம் வகைச் சான்று பெற்றது என்றால் கூடாது. தொழிற்சாலையில் எப்படி வடிவமைக்கப்பட்டதோ அப்படியே பறக்கத்தான் அந்தச் சான்று. அதில் மாற்றம் செய்ய எஸ்.டி.சி. எனப்படும் துணை வகைச் சான்று வேண்டும். இந்தக் கருவியை, இந்த மாடல் விமானத்தில், இந்த முறையில் பொருத்தலாம் என்ற ஒப்புதல் அது. கருவி நிறுவனங்கள் ஒரே சான்றில் நூற்றுக்கணக்கான மாடல்களின் பட்டியலை வாங்கி வைத்திருப்பதால் இப்போது வேலை எளிதாகிவிட்டது. இந்தியாவில் பதிவான விமானம் என்றால், விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் ஒப்புதலும் தேவை.

மலிவான கருவிகளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். சோதனை வகையில் சேரும், வீட்டில் கட்டும் விமானங்களில் பல ஆண்டுகள் ஓடி, நம்பிக்கை சம்பாதித்த சிறிய திரைகள்தான் பின்னர் சான்று பெற்ற விமானங்களுக்கும் வந்தன. 2016-இல் கார்மின் நிறுவனத்தின் ஜி5 திரை சான்று பெற்ற விமானங்களுக்கு வந்த பிறகு, பழைய செஸ்னா உரிமையாளர்களுக்கு விலை எட்டும் தூரத்துக்கு இறங்கியது.

எல்லாமே திரை என்றால், திரை கறுத்துப்போனால் என்ன செய்வது?

ஒரு திரை போனால் இன்னொன்று அதன் வேலையை எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே தனி பேட்டரி வைக்கலாம். தனியாக இயங்கும் சிறிய மாற்றுக் கருவியையும் வைக்கலாம். இவற்றைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். இரண்டு திரைகளுக்கும் வேகத்தைத் தருவது ஒரே பிடோ குழாய் என்பதைத்தான் மறக்கிறார்கள். அந்தக் குழாயில் பனி உறைந்தாலோ குளவி கூடு கட்டினாலோ, இரண்டு திரைகளும் ஒரே தவறான எண்ணை ஒற்றுமையாகக் காட்டும். மாற்று ஏற்பாடு என்பது திரையில் தொடங்கி, மின்சாரம் வரும் பாதை, தகவல் பிறக்கும் இடம் வரை போக வேண்டும்.

திரை இருந்தால் பாதுகாப்பு தானாகவே கூடிவிடும் அல்லவா?

கூடவில்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 2002 முதல் 2006 வரை கட்டப்பட்ட சிறிய விமானங்களைத் திரை உள்ளவை, முள் கருவி உள்ளவை என்று பிரித்து ஒப்பிட்டார்கள். திரை உள்ளவற்றில் மொத்த விபத்து வீதம் குறைவு, ஆனால் உயிர்ச்சேத விபத்து வீதம் அதிகம். அவை தொழிற்சாலையிலேயே திரையோடு வந்தவை, நாம் பேசும் பழைய விமானங்கள் அல்ல. பறந்த விதத்திலும் வேறுபாடு இருந்தது. திரை விமானங்கள் நீண்ட பயணங்களுக்கும், மோசமான வானிலையிலும் அதிகம் போயின. ஆனாலும் வாரியத்தின் முக்கியப் பரிந்துரைகள் பயிற்சியைப் பற்றியவை. அந்தந்தக் கருவிக்கான பயிற்சி இல்லாமல் விமானியை உட்காரவைக்காதீர்கள் என்பதே சாரம். எனக்கும் அதுதான் கருத்து.

என்னிடம் பழைய ஆட்டோபைலட் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு முகப்பை மட்டும் மாற்றலாமா?

இதில்தான் அதிகம் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். விமானம் சாய்ந்திருக்கிறதா என்று ஆட்டோபைலட்டுக்கு யார் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். கிங் நிறுவனத்தின் கே.எஃப்.சி. 150 அந்தத் தகவலை கே.ஐ. 256 என்ற வேக்குவம் அடிவானக் கருவியிலிருந்து எடுக்கிறது. அதைக் கழற்றினால் ஆட்டோபைலட் குருடாகிவிடும். அதே நிறுவனத்தின் கே.ஏ.பி. 140 திருப்பம்காட்டியை நம்பியிருக்கிறது. அதனால்தான் புத்தம்புதிய திரைகளுக்கு நடுவே, சில விமானங்களில் ஒரு பழைய திருப்பம்காட்டி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

புதிய திரையிலிருந்து பழைய ஆட்டோபைலட்டுக்குப் புரியும் அனலாக் சமிக்ஞையை உருவாக்கித் தரும் இடைக்கருவிகள் உண்டு. உங்கள் திரை, ஆட்டோபைலட் ஜோடிக்கு அது ஒப்புதல் பெற்றதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வேக்குவம் பம்பை வைத்துக்கொண்டு பாதி மாற்றுவதைவிட, ஓர் ஆண்டு பொறுத்து, ஆட்டோபைலட்டோடு சேர்த்து மாற்றுவது நல்லது.

பழைய ஜி.பி.எஸ். பெட்டி இன்னும் வழி காட்டுகிறதே?

காட்டும், ஆனால் தேதியைப் பாருங்கள். ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வாரத்தின் எண் 10 பிட்டில் வருகிறது. 1,024 வாரங்கள் ஆனதும் அது பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. மென்பொருள் திருத்தம் பெறாத பெட்டிகள் இருபது ஆண்டுக்கு முந்தைய தேதியைக் காட்டத் தொடங்கின. அடுத்தது 2038 நவம்பரில். தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திய பெட்டியில் தரவுத்தளமும் பழசாகும், பழுது பார்க்க உதிரியும் கிடைக்காது.

பயணிகள் விமானங்களிலும் இப்படிச் செய்கிறார்களா, அல்லது விற்றுவிடுவார்களா?

சரக்கு நிறுவனங்கள் அதிகம் செய்கின்றன. மிகத் துணிச்சலான உதாரணம் ஃபெடெக்ஸ் செய்தது. மூன்று பேர் ஓட்டிய டி.சி.-10 விமானங்களில் முழு காக்பிட்டையும் மாற்றி, ஃபிளைட் இன்ஜினியரின் இடத்தையே எடுத்துவிட்டு, எம்.டி.-10 என்று பெயரிட்டார்கள். டி.சி.-10-இன் பிந்தைய வடிவமான, இருவர் ஓட்டும் எம்.டி.-11-இன் விமானிகளே இதையும் ஓட்டலாம். 2022 இறுதி வரை அவை பறந்தன.

மாற்றாமலே ஓடியவையும் உண்டு. 747-400 விமானங்களில் வழிகாட்டித் தரவுத்தளத்தை 28 நாளுக்கு ஒருமுறை மூன்றரை அங்குல ஃபிளாப்பி டிஸ்க்கில் கொண்டுபோய் ஏற்றினார்கள். 2020-இல் ஓய்வுபெற்ற ஒரு விமானத்தை ஆராய்ந்தவர்கள் அந்த டிரைவைப் படம் எடுத்துக் காட்டியபோது பலர் அதிர்ந்தார்கள். எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை. சான்று பெற்ற ஏற்பாடு சரியாக ஓடினால் அதைத் தொட ஆகும் செலவு மிகப் பெரிது.

மிக்-21-க்கும் ஜாகுவாருக்கும் புதுக் கருவி பொருத்தினார்களே, அதனால் அவை புது விமானம் ஆகிவிட்டனவா?

கண்ணும் மூளையும் புதிதாயின. நம் விமானப்படை 125 மிக்-21 விமானங்களை பைசன் தரத்துக்கு உயர்த்தியது. கோப்யோ ரேடார், விமானியின் கண்ணுக்கு நேரே தகவல் காட்டும் ஹெச்.யு.டி., தலைக்கவசக் குறிநோக்கி, ஆர்-73, ஆர்-77 ஏவுகணைகள் எல்லாம் வந்தன. ஜாகுவார்களில் டாரின் என்ற இந்திய வழிகாட்டல்-தாக்குதல் ஏற்பாடு 1980-களிலேயே தொடங்கி, இப்போது மூன்றாம் பதிப்புக்கு வந்திருக்கிறது. இவற்றின் அடிப்படை 1553பி எனப்படும் தகவல் பாதை. இரண்டு முறுக்கிய ஒயர்களில் எல்லாக் கருவிகளும் வரிசைப்படி பேசும், விநாடிக்கு 10 லட்சம் பிட் வேகத்தில். பெட்டிக்குப் பெட்டி தனி ஒயர் இழுக்கும் தொல்லை இதனால்தான் ஒழிந்தது.

இன்ஜினும் உடலும் பழையவைதான். ஜாகுவாருக்குப் புதிய இன்ஜின் வாங்கும் திட்டம் செலவு காரணமாக 2019-இல் கைவிடப்பட்டது. மிக்-21 தரையிறங்கும் வேகத்தை எந்தக் கணினியாலும் குறைக்க முடியவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் அது விடைபெற்றது.

தாம்பரத்திலிருந்து கிளம்பிய ஏ.என்.-32 ஏழு ஆண்டுகளுக்கு மேல் கிடைக்காமல் போனதே? நல்ல கருவி இருந்தால் கண்டுபிடித்திருக்கலாமா?

தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 2016 ஜூலை 22 அன்று 29 பேரோடு கிளம்பிய விமானப்படைச் சரக்கு விமானம் அது. சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்த செய்தி 2024 ஜனவரியில்தான் வந்தது. அந்தக் குடும்பங்கள் காத்திருந்த காலத்தை நினைத்தால் இந்தக் கேள்விக்கு மேலோட்டமாகப் பதில் சொல்ல மனம் வராது.

பொதுவான உண்மை இதுதான். விபத்தில் தானாக ஒலிக்கும் இ.எல்.டி. கருவி பழைய 121.5, 243 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இருந்தால் செயற்கைக்கோள்கள் கேட்காது. அந்தச் சேவை 2009 பிப்ரவரி 1 அன்று நிறுத்தப்பட்டது. 406 மெகாஹெர்ட்ஸ் கருவி வேண்டும். ஆனால் அதுவும் நீரில் மூழ்கிவிட்டால் பயனில்லை, வானொலி அலை கடல்நீரைத் தாண்டாது. அங்கே வேலை செய்வது ஒலி எழுப்பும் நீரடிக் கருவி மட்டுமே. முன்பு அதன் பேட்டரிக்கு 30 நாள் ஆயுள், புதிய விதிப்படி 90 நாள். கடல் மேல் பறக்கும் பழைய விமானம் எதுவானாலும், திரைகளுக்கு முன்னால் இந்த இரண்டையும்தான் நான் மாற்றச் சொல்வேன். நடுக்கடலில் ரேடார் இல்லாத இடத்திலும், இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியே அடிக்கடி அனுப்பும் ஏற்பாடு இருந்தால், தேட வேண்டிய பரப்பு வெகுவாகச் சுருங்கும்.

ஜி.பி.எஸ். வந்துவிட்டதே, வி.ஓ.ஆர்., ஐ.எல்.எஸ். வாங்கிகளைக் கழற்றி எடையைக் குறைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். வி.ஓ.ஆர். திசை காட்டுவதும், ஐ.எல்.எஸ். ஓடுபாதைக்கு இறங்க வழிகாட்டுவதும் தரை நிலையங்களின் வானொலி அலைகளால். 2023 முதல் மேற்கு ஆசிய வான்பகுதிகளில் போலி ஜி.பி.எஸ். சமிக்ஞைகள் பெரும் தொல்லையாகிவிட்டன. பயணிகள் விமானங்களே தாங்கள் வேறு ஊருக்கு மேல் இருப்பதாக நம்பின. மலை இல்லாத இடத்தில், ‘மேலே ஏறு’ என்று தரை எச்சரிக்கைக் கருவி கத்திய சம்பவங்களும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் டி.ஜி.சி.ஏ. இதற்கென்றே சுற்றறிக்கை விட்டது. மேலே பிடோ குழாயைப் பற்றிச் சொன்னதுதான் இங்கும்: எல்லாக் கருவிகளும் ஒரே ஊற்றிலிருந்து தகவல் எடுத்தால், ஊற்று கெடும்போது எல்லாமே கெடும். தரை நிலையத்திலிருந்து வரும் வி.ஓ.ஆர். அந்த ஊற்றைச் சாராதது.

எத்தனை பணம் போட்டால் சரி? விமானத்தின் விலையைவிட அதிகமாகிவிடும் போலிருக்கிறதே!

ஆகும், பல நேரம் ஆகிறது. இறக்கையின் உட்புறத்தில் அரிப்பு இருந்தாலோ, 2,000 மணி நேர ஓவர்ஹாலுக்கு இன்ஜின் நெருங்கிவிட்டாலோ, முதலில் அதற்குச் செலவிடுங்கள். விற்கும்போது கருவிக்குப் போட்ட பணம் முழுதாகத் திரும்பாது. இன்னும் பத்து ஆண்டு நீங்களே ஓட்டப்போகிறீர்கள் என்றால் போடலாம். கையில் ஒரு டேப்லெட் இருக்கிறதே, போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். வரைபடம் பார்க்கப் போதும். மேகத்துக்குள் அதைப் பார்த்து விமானத்தை நிமிர்த்த முடியாது. வெயிலில் சூடேறி அணைந்தும் போகும்.

வேலை முடிந்து விமானம் கைக்கு வந்துவிட்டது. முதல் நாள் என்ன செய்யட்டும்?

பறக்காதீர்கள். விமானக் கையேட்டில் புதிய கருவிக்கான இணைப்புப் பக்கங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள், முழுதும் படியுங்கள். பிறகு வெளி மின்சாரத்தைக் கொடுத்து, ஹேங்கரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு சர்க்யூட் பிரேக்கராக இழுங்கள். எதை இழுத்தால் எது அணைகிறது, எது தன் பேட்டரியில் தொடர்கிறது, எங்கே சிவப்பு எக்ஸ் விழுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய பலகையில் கை தானாகப் போன இடங்களில் இப்போது வேறு பொத்தான்கள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு வானொலி அலைவரிசைப் பொத்தானைத் தொட முடிகிறதா என்று பாருங்கள்.

முதல் சில பறத்தல்கள் தெளிந்த வானில், பகலில், அந்தக் கருவியை அறிந்த பயிற்றுநரோடு இருக்கட்டும். திரும்பி வந்ததும் குறைகளை எழுதி, அன்றே பட்டறைக்கு அனுப்புங்கள். ஆண்டெனா இணைப்பு தளர்வாக இருந்தால் அது பெரும்பாலும் இந்த முதல் சில மணி நேரங்களிலேயே தெரிந்துவிடும்.